பன்னிரண்டாவது சீட்டு

சென்ற தீபாவளிக்கு வந்திருந்தபோது என் மகள் ஒரு டாரட் சீட்டுக்கட்டு கொண்டுவந்திருந்தாள். பெங்களூரில் அவளோடு வேலை செய்யும் பெண்கள் மதியச் சாப்பாட்டு வேளையில் ஒருவருக்கொருவர் சீட்டெடுத்துப் பார்த்துக்கொள்வார்களாம். வேலை மாறலாமா, கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லிவிடலாமா, இந்த மாதிரி. “விளையாட்டுக்குத்தாம்ப்பா” என்றாள். கட்டைக் கலைத்து விசிறி மாதிரி பரப்பி, ஒன்றை உருவச் சொன்னாள். உருவினேன். ஒருவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். மற்றக் காலை முழங்காலில் மடித்துப் பின்னால் கொண்டுபோயிருக்கிறான். கைகள் முதுகுக்குப் பின்னால். ஆட்டத்தின் நடுவில் யாரோ நிறுத்தச் சொன்னதால் நின்றுவிட்டவன் போலிருந்தது. அவள் கூட வந்த சிறு புத்தகத்தைப் புரட்டிப் படித்தாள். படித்ததைச் சொல்லாமல் மூடிவிட்டாள். “இது உங்களுக்குப் பொருந்தாது, வேற ஒண்ணு எடுங்க” என்றாள்.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 12ஆம் சீட்டு, தொங்குபவன். என் கைக்குத் தலைகீழாக வந்திருக்கிறது. நேராக வந்தால் விவேகம், சோதனை, தியாகம், வருவதை உணர்தல். தலைகீழாக வந்தால் சுயநலம், கும்பல். மற்ற 77 சீட்டுகளுக்கும் நேர், தலைகீழ் என்பவற்றில் குழப்பமில்லை. இது ஒன்றில்தான் நேராக வந்தால் அவன் தலைகீழாகத் தொங்குகிறான், தலைகீழாக வந்தால் நிமிர்ந்து நிற்கிறான். நிமிர்ந்து நின்றால் சுயநலம் என்று ஒரு சீட்டு சொல்வது எனக்குச் சட்டென்று பிடித்தது. பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம்.

இந்தச் சீட்டோடு எனக்கு ஏறக்குறைய ஐம்பது வருஷப் பழக்கம், பார்க்காமலே. எழுபதுகளின் நடுவில் மூர் மார்க்கெட்டில் எலியட்டின் கவிதைத் தொகுதி ஒன்று அட்டை கிழிந்த நிலையில் கிடைத்தது. ‘பாழ் நிலம்’ (1922) எங்கள் நாலைந்து பேருக்கு அப்போது ஒரு பஞ்சாங்கம் மாதிரி. எதற்கும் அதைப் புரட்டுவோம். அதில் சோசோஸ்ட்ரிஸ் என்று சீட்டுப் பார்க்கும் பெண்மணி வருகிறாள். அவள் எடுக்கும் சீட்டுகளில் தொங்குபவன் வருவதில்லை. இந்த இல்லாமையை வைத்துக்கொண்டு நாங்கள் எவ்வளவோ பேசினோம். பலியான தேவன் இல்லாத உலகம், மீட்பு மறுக்கப்பட்ட நகரம் என்றெல்லாம். நானே ஒரு கட்டுரை எழுதி, அது நாலு இதழோடு நின்றுபோன ஒரு பத்திரிகையில் வந்தது. எங்களில் ஒருவரும் சீட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. எலியட்டும் தம் குறிப்புகளில், இந்தக் கட்டின் சரியான அமைப்பு தமக்குப் பரிச்சயமில்லை, சௌகரியப்படி மாற்றிக்கொண்டேன் என்கிற ரீதியில் ஒப்புக்கொண்டுவிடுகிறார். முழுகிப்போன பினீஷிய மாலுமி என்று அந்தப் பெண்மணி எடுக்கும் சீட்டு எந்தக் கட்டிலும் கிடையாது. தொங்குபவனைத் தாம் ஃப்ரேஸரின் தொங்கவிடப்பட்ட கடவுளோடு இணைத்துக்கொண்டதாகவும் சொல்கிறார். படிமம் என்பது பார்த்ததிலிருந்து வர வேண்டும் என்று மேடையில் பேசிக்கொண்டே, பார்க்காத ஒன்றைக் குறியீடாக்கிக்கொண்டிருந்தோம். எங்கள் தலைமுறையின் விமர்சனத்தில் இந்த வியாதி கொஞ்சம் உண்டு. நான் இதிலிருந்து விலகியவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

எனவே இப்போது பார்க்கிறேன். மேஜை விளக்கின் கீழ், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

மரம் ‘ட’ மாதிரி இல்லை, ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவம். முக்கியமான விஷயம், அது செத்த மரமில்லை. குறுக்குக் கட்டையில் இலைகள் துளிர்த்திருக்கின்றன. தூக்குமரம் உயிரோடிருக்கிறது. வலது கணுக்காலில் கட்டு. சிவப்புக் கால்சட்டை, நீலச் சட்டை, மஞ்சள் பாதணி. மடித்த கால் கட்டிய காலைக் குறுக்காக வெட்டிச் சிலுவையாகிறது. தலையைச் சுற்றி மஞ்சள் ஒளிவட்டம். முகத்தில் வேதனை இல்லை. பின்னணியில் எதுவுமே இல்லை, ஒரு வெறும் சாம்பல் நிறம். ஊரில்லை, வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லை, கட்டிவிட்டவர்கள் இல்லை.

இதை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். லண்டனில் 1909இல், ஏ. இ. வெயிட் என்ற மறைஞானக்காரரின் யோசனைப்படி, சில மாதங்களில் 78 படங்களையும் வரைந்து கொடுத்தார். பெரிய வேலை, சொற்பக் காசு என்று ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். கட்டை வெளியிட்டவர் ரைடர். அதனால் உலகம் முழுக்க அது ரைடர்–வெயிட் கட்டு. வரைந்தவள் பெயர் வெகுகாலம் அதில் சேரவில்லை. 1951இல் கடனோடு செத்துப்போனார். ஆனால் ஒவ்வொரு சீட்டின் மூலையிலும், பாம்பு சுருண்ட மாதிரி ஒரு சின்னக் கையெழுத்து இருக்கிறது. பூதக்கண்ணாடி இல்லாவிட்டால் கொடியின் சுருள் என்று நினைத்துவிடுவோம். தொங்குபவன் சீட்டிலும் அதைக் கண்டுபிடித்தேன். கையெழுத்துகளைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றிருக்கிறது. பின்னால் வருகிறேன்.

வெயிட்டுக்கு இந்த முகம் தியானத்தில் ஆழ்ந்த முகம். அது அவருடைய விருப்பம். சீட்டுக்கு வயது இன்னும் அதிகம். 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் டாரட் ஒரு சீட்டாட்டம், அவ்வளவுதான். மிலன் பிரபுக்கள் தங்கம் பூசிய சீட்டுகளில் ஆடினார்கள். ஜோசியம் பெரிதாக வந்தது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அந்தப் பழைய இத்தாலியில் இந்தச் சீட்டுக்குப் பெயர் ‘துரோகி’. ஊருக்குத் துரோகம் செய்தவன் கையில் அகப்படவில்லையென்றால், அவனைத் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி ஊர்ச் சுவரில் பெரிதாக வரைந்துவிடுவார்கள். அது ஒரு தண்டனை. ஃப்ளாரன்ஸில் 1440இல் நடந்த ஒரு போருக்குப் பிறகு இப்படித் துரோகிகளை வரைந்த ஆந்திரேயா தெல் கஸ்தாஞோவுக்கு ‘தூக்கிலிடப்பட்டவர்களின் ஆந்திரேயா’ என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. பாரீஸ் தேசிய நூலகத்திலிருக்கும் 15ஆம் நூற்றாண்டுக் கட்டு ஒன்றில், தொங்குகிறவன் இரண்டு கைகளிலும் பணமூட்டைகளைப் பிடித்திருக்கிறான். யூதாஸின் ஞாபகமாக இருக்க வேண்டும்.

1781இல் கூர் த ஜெபலீன் என்ற பிரெஞ்சு அறிஞர், டாரட் சீட்டுகள் எகிப்தின் ஞானப் புத்தகம் என்று ஒரு போடு போட்டார். எகிப்தில் ஒரு துண்டுச் சான்றும் இல்லை. ஆனால் அவர் தொங்குபவனைப் பற்றிச் சொன்னது ருசிகரமானது. இது விவேகத்தின் படம், ஒரு காலை எடுத்துவைக்கப் போகிறவன் எங்கே வைப்பது என்று யோசிக்கிறான், சீட்டு அச்சடித்தவன் புரியாமல் தலைகீழாகப் போட்டுவிட்டான் என்றார். அதாவது என் கைக்கு வந்தபடிதான் சரி. தண்டனையைத் திருப்பிப் பிடித்து விவேகமாக்கிவிட்டார். விளக்கம் சொல்கிறவர்களுக்கு இது கைவந்த வித்தை.

திருவள்ளூரில் வீரராகவர் கோவில் குளத்தருகே அமாவாசைதோறும் கிளி ஜோசியர் ஒருவர் உட்காருவார். நான் பணி ஓய்வு பெற்று இங்கே வந்த புதிதில் பார்த்திருக்கிறேன். குளத்தில் வெல்லம் கரைக்க வருகிற கூட்டம் அவர் முன்னாலும் கொஞ்சம் தேங்கும். பேரைக் கேட்பார். கூண்டைத் திறப்பார். இறகு கத்தரித்த கிளி ஒரு சின்ன உத்தியோகஸ்தனின் நடையோடு வெளியே வந்து, அடுக்கிய உறைகளை ஒவ்வொன்றாக அலகால் தள்ளிப் பார்த்து ஒன்றை இழுத்துப் போடும். ஒரு நெல் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். நான் உட்கார்ந்தபோது அனுமார் வந்தார். சஞ்சீவி மலையோடு. “பாரம் உண்டு சாமி, இறக்கிவைக்கிற நேரம் நெருங்குது” என்று ராகமாக ஆரம்பித்தார். கட்டை முழுக்கக் காட்டச் சொன்னேன். தனியாகப் பத்து ரூபாய் கேட்டார், காட்டினார். முருகன், லட்சுமி, காளி, பாம்பு மேல் பெருமாள், புத்தர், மாதா. தூக்குமரம் இல்லை, இடி விழுந்து உடையும் கோபுரம் இல்லை, மண்டையோட்டோடு குதிரையில் வரும் மரணம் இல்லை. கெட்டதெல்லாம் ஜோசியரின் வாயில்தான், படத்தில் இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். கிளி உறையை எப்படி இழுத்துப் போட்டாலும் அவர் படத்தை நிமிர்த்திப் பிடித்துத்தான் காட்டுவார். சாமியைத் தலைகீழாகக் காட்டுவது என்ற பேச்சே கிடையாது. ஐரோப்பியக் கட்டில் பாதி அர்த்தம் தலைகீழில் இருக்கிறது. நம் கட்டில் தலைகீழ் என்பது கையால் சரிசெய்யப்படுகிற சின்னத் தவறு.

அவரை இப்போது காணோம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். 2024 ஏப்ரலில், கடலூர்த் தொகுதி வேட்பாளர் ஒருவருக்கு ஜெயிப்பார் என்று சீட்டெடுத்த பிறகு வனத்துறை கிளிகளைப் பிடித்துக்கொண்டு போனது. கிளிக்கு நல்லதுதான். அவர் என்ன ஆனார் என்று குளக்கரையில் பூ விற்கும் அம்மாளைக் கேட்டேன். “அதுக்கென்னப்பா, பழம் விக்கிறாரோ என்னமோ” என்றாள்.

கும்மிடிப்பூண்டிக்கு வருகிறேன்.

1986இல் நான் அங்கே சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஷிப்ட் இன்சார்ஜ். பெயர் வேண்டாம். அது இப்போது இல்லை. பில்லெட்டைச் சிவக்கக் காய்ச்சி, ஸ்டாண்டுகளின் நடுவே ஓடவிட்டுக் கம்பியாக இழுக்கிற வேலை. ஆகஸ்டில் ஒரு ராத்திரி ஷிப்ட். கம்பிக்கட்டுகளை கிரேனில் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே ஸ்லிங் மாட்ட ஓர் ஆள், சைகை காட்ட ஓர் ஆள் என்று இரண்டு பேர் வேண்டும். அந்த மாதம் ஆட்குறைப்பு. ஒரே ஆள் இரண்டையும் செய்தான். ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், தெலுங்கு பேசுகிற கிராமத்துப் பையன், கான்ட்ராக்டில் வந்தவன். ஸ்லிங்கை மாட்டிவிட்டு, விலகாமலே கையைத் தூக்கிவிட்டான். அல்லது தூக்கவில்லை, மேலே இருந்தவன் தூக்கியதாக நினைத்துக்கொண்டான். ஒயர் ரோப்பின் வளையம் அவன் கணுக்காலில் விழுந்திருந்தது. கட்டு எழும்பியபோது அவனும் எழும்பினான். பத்தடி உயரம் போயிருப்பான். அந்த வினாடியில் கரண்ட் போயிற்று.

கரண்ட் போனால் கிரேனின் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். பாரம் கீழே விழாது. நல்ல ஏற்பாடு. இறங்கவும் இறங்காது. ஷெட் முழுக்க இருட்டு. எண்ணெயில் எரிகிற ஃபர்னஸ் மட்டும் கதவிடுக்கில் செந்நிறமாகத் தெரிந்தது, சரியாக அவன் தலைக்குப் பின்னால். இதை அழகுக்காகச் சொல்லவில்லை. நான் நின்ற இடம் அப்படி. கைகளைக் காற்றில் துழாவினான், பிறகு விட்டுவிட்டான். சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டும் சில்லறைகளும் விழுந்தன. சிமெண்டுத் தரையில் ஒவ்வொரு காசும் உருண்டு அடங்குகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது. நான் டார்ச் அடித்தேன். முகம் உப்பிக் கறுத்திருந்தது. “சார், லைட்டு மூஞ்சில அடிக்காதீங்க” என்றான். அலறவில்லை. அதற்குப் பிறகு ஏணி வந்து, நாலு பேர் தோள் கொடுத்து இறக்குகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

வெயிட் சொல்கிற தியான முகத்தை அதனால்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. தலைகீழாகத் தொங்கும் மனிதனின் முகத்தில் ரத்தம் இறங்குகிறது. கண்கள் பிதுங்குகின்றன. பமேலாவுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அவருக்கு மாதிரியாக நின்றவன் நிமிர்ந்து நின்று, பிறகு தாள் திருப்பப்பட்டிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்த முடி ஈர்ப்பின் பக்கமாக ஒழுங்காகத் தொங்குகிறது, அதை மட்டும் யோசித்திருக்கிறார். ஆனால் பின்னணியை வெறுமையாக விட்டாரே, அது சரி. அந்தப் பதினைந்து நிமிஷத்தில் அவனைச் சுற்றி ஆலை இல்லை, நாங்கள் இல்லை.

மறுநாள் விபத்து அறிக்கை. டைப் செய்து என் மேஜைக்கு வந்துவிட்டது. நான் நிரப்ப வேண்டியதில்லை. காரணம் என்கிற இடத்தில், தொழிலாளியின் கவனக்குறைவு என்று இருந்தது. சைகைக்குத் தனி ஆள் இல்லை என்பது இல்லை. கரண்ட் போனது இருந்தது. மானேஜர் ஒன்றும் மிரட்டவில்லை. “உங்களுக்குத் தெரியாததா, ரெண்டு பேரும் ஸ்பாட்டில் இருந்தீங்கன்னு வந்தால் உங்க பேர்தான் முதல்ல வரும்” என்றார். மகளுக்கு அப்போது ஏழு மாதம். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து பெரியது, கீழே ஒரு கோடு இழுப்பேன், தேதி போடுவேன். அவனுக்குக் கிடைக்க வேண்டியதில் அந்தக் கோட்டால் எவ்வளவு குறைந்தது என்று பிறகு வக்கீல் நண்பர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். கொஞ்சநஞ்சமில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவாலங்காட்டுக்குப் போனேன். பக்தி என்று சொல்ல முடியாது. ஊத்துவ தாண்டவத்தைப் பார்க்க வேண்டும் என்று வெகு நாளாக இருந்தது. காளியோடு போட்டியில் சிவன் ஒரு காலை நேரே தலைக்கு மேல் தூக்கிவிட்ட இடம், ரத்தின சபை. அங்கேதான் காரைக்கால் அம்மையார் இருக்கிறார், தூக்கிய பாதத்தின் கீழே தாளம் போட்டுக்கொண்டு. கயிலை மலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து போனவர். யார் இது, எலும்பும் தோலுமாக இப்படி வருவது என்று உமை கேட்க, நம்மைப் பேணும் அம்மை என்று சிவன் சொன்னதாகச் சேக்கிழார் கதை. நம் பக்கத்துத் தொங்குபவன் இவர்தான் என்று அந்த நாளில் எனக்குத் தோன்றியது. எங்கள் எலியட் கட்டுரைகளில் ஒன்றிலாவது இது வந்திருக்கக்கூடாதா? திருவள்ளூரிலிருந்து அரைமணி ரயில்.

ஆனால் யோசித்தால் வித்தியாசம்தான் பெரிதாகத் தெரிகிறது. அம்மையாரை யாரும் கட்டவில்லை. அவர் வாழ்க்கையில் தலைகீழ் ஆவது முன்பே நடந்துவிட்டது. மாம்பழம் வரவழைத்த மனைவியைக் கண்டு பயந்து ஓடிய பரமதத்தன், வேறு கல்யாணம் செய்துகொண்டு, அந்த மனைவியோடும் குழந்தையோடும் வந்து இவர் காலிலேயே விழுகிறான். புருஷன் காலில் விழுந்த பிறகு அந்த அழகான உடம்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? சதையை உதறிப் பேயாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். உலகம் தம்மைத் திருப்பிப் போட்டதை, தாமே திருப்பிப் போட்டுக்கொண்டதாக ஆக்கிவிடுகிறார். வெயிட்டின் ஒளிவட்டம் இவருக்குப் பொருந்தும். ஒயர் ரோப்பில் தொங்கியவனுக்கு அதை மாட்டுவது அக்கிரமம். எல்லாத் துன்பத்தையும் தியாகமாக வாசிக்கிற குறியீட்டு விமர்சனம் அறிக்கை எழுதுகிறவர்களுக்கு எவ்வளவு உபகாரம் என்று அப்போது நினைக்கவில்லை, இப்போது நினைக்கிறேன்.

கோவிலிலிருந்து வெளியே வந்தபோது ஒரு பெரியவர் பழையனூர்க் கதையைச் சொன்னார். நீலிக்குப் பயந்த வணிகனுக்கு, உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுத்தார்கள். அவன் செத்துப்போனான். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். அவர்கள் நினைவாக மண்டபம் இருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

டாரட்டை வைத்துக் கதை பண்ணியவர்களில் எனக்குப் பிடித்தவர் கால்வினோ. 1973இல் வந்த ‘சந்திக்கும் விதிகளின் கோட்டை’யில் காட்டைக் கடந்து வந்தவர்கள் எல்லோரும் பேச்சிழந்துபோகிறார்கள். சீட்டுகளை வரிசையாக வைத்துத்தான் தங்கள் கதையைச் சொல்ல முடியும். ஒருவன் வைத்த சீட்டையே இன்னொருவன் வேறு பக்கத்திலிருந்து தன் கதைக்கு எடுத்துக்கொள்வான். அப்படியானால் இந்த 12ஆம் சீட்டை மேஜை மேல் வைத்தால், ஒரு பக்கத்தில் உட்காருகிறவனுக்கு அது தொங்கவிடப்பட்டவன். எதிரே உட்காருகிற எனக்கு அது நிமிர்ந்து நிற்பவன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பூட்ஸ் போட்டுக்கொண்டு, வேலையில் பாதுகாப்பாக. துரோகி என்ற பழைய பெயர் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும் என்று இத்தாலியர்கள் சொல்லவில்லை. சுவரில் வரைந்தவனைப் பற்றி மட்டும் பட்டப்பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவனை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். 1991 அல்லது 92, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில். கட்டைக் கால் பொருத்தியிருந்தான். கைக்குழந்தை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்து, “சார், பாப்பா நல்லா இருக்கா?” என்று கேட்டான். குழந்தை பிறந்ததற்கு நான் ஷிப்டில் இனிப்புக் கொடுத்திருந்தேன், அதை ஞாபகம் வைத்திருந்தான். நல்லா இருக்கா என்றேன். அறிக்கையில் என்ன எழுதியிருந்தது என்று அவனுக்குத் தெரிந்திருந்ததா என்பதை அவன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். வண்டி வந்துவிட்டது.

மகளிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவள் அன்று ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் கட்டை எண்ணாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு போனாள். போன வாரம் தொலைபேசியில், 77தான் இருக்கிறது, ஒரு சீட்டு அங்கே எங்காவது விழுந்திருக்கிறதா பாருங்கள் என்றாள். எந்தச் சீட்டு என்று கேட்டேன். இன்னும் சரிபார்க்கவில்லை என்றாள். தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன்.